மந்திரி நாற்காலியைக் கவிழ்த்த கேள்வி!

ஸ்ரீரங்கத்தில் சாக்கடை அடைத்தால் டெல்லியில் கேட்க முடியாது. அது உள்ளூர் சமாசாரம். ஆனால் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப், திருவெறும்பூர் பாய்லர் பிளாண்ட், பாஸ்போர்ட், அரபு நாட்டில் சிக்கிய நம்ம ஊர்ப் பையன்... இதற்கெல்லாம் டெல்லி மந்திரிகள்தான் பதில் சொல்லணும். கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டியவர் திருச்சி எம்.பி.

லோக்சபாவில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். நட்சத்திரக் குறி போட்ட கேள்வி நாளைக்கு 20 தான். மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்லணும். உடனே துணைக் கேள்வி பாயும். அங்கேதான் வியர்க்கும்!

சும்மா சடங்கு என்று நினைக்காதீர்கள். எல்.ஐ.சி. பணம் முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிகளுக்குப் போனது பற்றி 1957-ல் கேள்வி கிளம்பியது. பெரோஸ் காந்தி குடைந்து எடுத்தார். அவர் ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகன்! விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே ரத்து செய்தார்கள். எழுத்தில் பதில் வந்தது. துணைக் கேள்வி போச்சு!

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், "ஐயா, நம்ம ஊருக்காக எத்தனை கேள்வி கேட்டீங்க?" என்று கேளுங்கள். அதற்கு நட்சத்திரக் குறி தேவையில்லை!