தொலைக்காட்சியும் எமது வளரிளம் பிள்ளைகளும்

மலையகத் தோட்டங்களில் தாய்மார் கூடும் இடங்களில் அடிக்கடி எழும் ஒரு முறைப்பாடு உண்டு. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்பதே அது. தொடர்களில் வரும் மாணவர்கள் சீருடையோடு காதலிக்கிறார்கள், ஆசிரியரைக் கேலி செய்கிறார்கள், வீட்டில் பொய் சொல்கிறார்கள். அதையே எங்கள் பிள்ளைகளும் பழகுகிறார்கள் என்று தாய்மார் வருந்துகின்றனர். இதைப் பழைய தலைமுறையின் புலம்பல் என்று சிலர் தள்ளிவிடுவதுண்டு. நாம் அப்படித் தள்ளுவதற்கில்லை. ஆயினும் இந்தக் கவலை எந்த அளவுக்கு நியாயமானது, எந்த இடத்தில் திசைமாறிப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் திசைமாறிய கவலையால் கடைசியில் அடிபடுவது பெரும்பாலும் வீட்டிலுள்ள பெண்பிள்ளையே.

இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் ஆரம்பமாயிற்று. 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி தொடங்கியது. அதன் ஒளிபரப்புக் கோபுரம் நுவரெலியாவுக்கு மேலே பிதுருதலாகலை மலையுச்சியில் எழுந்தது. கோபுரம் எமது தலைக்கு மேலேயே நின்றபோதிலும், மின்சாரம் இல்லாத லயங்களுக்குள் தொலைக்காட்சிப் பெட்டி வந்துசேரப் பல ஆண்டுகள் சென்றன. வந்தபோதும் கார் பெற்றரியில்தான் ஓடியது. அந்தப் பெற்றரியைச் சுமந்துகொண்டு டவுனுக்குப் போய் சார்ஜ் செய்து வருவது அன்று ஒரு பெரிய வேலை! ஒரு லயத்தில் ஒரு வீட்டில் பெட்டி இருக்கும். மற்றவர்கள் இஸ்தோப்பில் நின்று பார்ப்பார்கள். எந்தப் பிள்ளை எதைப் பார்க்கிறது என்பது லயம் முழுவதற்கும் தெரிந்திருந்தது.

1993இல் சென்னையில் சன் டி.வி.யும், 1998இல் கொழும்பில் சக்தி ரி.வி.யும் தொடங்கின. 2009இல் வசந்தம் வந்தது. இடையில் கூரைகளின் மேல் டிஷ் அன்டனாக்களும் முளைத்துவிட்டன. 2006இல் விஜய் டி.வி. 'கனா காணும் காலங்கள்' என்ற தொடரை ஆரம்பித்தது. பாடசாலை மாணவர்களே கதாபாத்திரங்கள். அவர்களுடைய நட்பு, சண்டை, பரீட்சைப் பயம், காதல் என்பனவே கதை. அதுவரை மாமியார் மருமகள் சண்டையை அம்மாயியோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு, தன் வயதுப் பிள்ளைகளின் கதை முதன்முறையாகக் கிடைத்தது. அது பிள்ளைகளை இழுத்ததில் வியப்பில்லை. 2022இல் அதே பெயரில் புதிய தொடர் வந்தபோது அது இணையத்தின் வழியாக வெளியானது. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடத்துக்கென்று கடன்பட்டு வாங்கிய கைபேசியிலேயே இன்று இத்தகைய தொடர்களைப் பார்க்கலாம். இஸ்தோப்புக் கூட்டம் கலைந்து, போர்வைக்குள் ஒரு பிள்ளை தனியாகப் பார்க்கும் காலத்துக்கு வந்திருக்கிறோம்.

இவை பிள்ளைகளைப் பாதிக்கின்றனவா? பாதிக்கின்றன என்பதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 12 முதல் 17 வயது வரையான 1,792 பேரை ஓராண்டு இடைவெளியில் இருமுறை விசாரித்து 2004இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பாலுறவுக் காட்சிகள் மிகுந்த நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்தவர்கள், அடுத்த ஓராண்டில் அத்தகைய உறவில் இறங்கும் சாத்தியம் கூடுதலாக இருந்ததை அது காட்டியது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பிள்ளை எங்கே, யாரோடு இருக்கிறது என்று பெற்றோர் அறிந்திருந்த வீடுகளிலும், தாங்கள் எதை விரும்பவில்லை என்பதைப் பெற்றோர் தெளிவாகத் தெரியப்படுத்தியிருந்த வீடுகளிலும் அந்தச் சாத்தியம் குறைந்திருந்தது.

மறுபக்கமும் உண்டு. இந்தியாவில் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் 180 கிராமங்களை 2001 முதல் 2003 வரை இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்தனர். கேபிள் தொலைக்காட்சி புதிதாக வந்த கிராமங்களில், மனைவியை அடிப்பது சரியே என்ற எண்ணமும் ஆண்பிள்ளைதான் வேண்டும் என்ற பிடிவாதமும் பெண்களிடையே குறைந்திருந்தன. நகரத்துப் பெண்கள் வாழும் விதத்தைத் திரையில் பார்த்ததால் வந்த மாற்றம் இது என்று அவர்கள் விளக்கினர். ஆகவே பெட்டியைக் கல்லால் உடைத்துவிட்டால் ஒழுக்கம் திரும்பிவிடும் என்று எண்ணுவது சரியாகாது. கொரோனாக் காலத்தில் அரச தொலைக்காட்சி 'குருகுலம்' என்ற பெயரில் தமிழில் பாடம் நடத்தியதும் இதே பெட்டியில்தான்.

எமது தோட்டங்களுக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். பிரித்தானியாவில் இரவு ஒன்பது மணிக்கு முன்னர் வளர்ந்தோருக்கான காட்சிகளைத் தொலைக்காட்சியில் காட்டக்கூடாது என்ற விதி நெடுங்காலமாக உண்டு. பிள்ளைகள் வேறு அறையில் உறங்கிவிடுவார்கள் என்பதே அதன் அடிப்படை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் வேறு அறைக்கு எங்கே போவது? தகப்பன் இரவு பத்து மணிக்குப் பார்க்கும் படத்தைப் பாயில் படுத்திருக்கும் பிள்ளையும் பார்க்கத்தான் செய்யும். பிள்ளைகளின் தொடரைக் குறைகூறும் வீட்டில், வெட்டும் குத்தும் நிறைந்த படம் கேள்வியின்றி ஓடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

அடுத்தது, பார்க்கும் வேளையில் பெரியவர்கள் இல்லாதது. பாடசாலை முடிந்து பிள்ளை வரும்போது தாய் மலையில் நிற்கிறாள். மாலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, விறகு பொறுக்கி, தண்ணீர் எடுத்து அவள் அடுப்படிக்கு வரும்போது இருட்டிவிடுகிறது. தகப்பன் கொழும்பிலும் தாய் மத்திய கிழக்கிலும் இருக்கும் வீடுகளில் அம்மாயியே துணை. காதல், உடல் மாற்றம், ஆண் பெண் பழக்கம் பற்றிப் பிள்ளையோடு பேச வீட்டில் ஒருவரும் இல்லாதபோது தொடரே ஆசான் ஆகிவிடுகிறது. அந்த ஆசானுக்கோ எமது பிள்ளையைப் பற்றிய அக்கறை கிடையாது. இந்தியாவில் எத்தனை வீடுகளில் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுத்தே விளம்பரக் கட்டணம் தீர்மானிக்கப்படுகிறது. பார்ப்பவரை நாளைக்கும் இழுக்கவேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு நாளும் கதை ஒரு சிக்கலில் நிறுத்தப்படுகிறது. டிக்கோயாவிலோ மஸ்கெலியாவிலோ இருந்து பார்க்கும் பிள்ளை அந்தக் கணக்கில் சேர்த்தியே இல்லை.

பெற்றோர் அதிகம் பேசாத, ஆனால் எமக்குக் காதலைவிடப் பெரிதாகத் தோன்றும் தீமை ஒன்றும் உண்டு. தொடர்களின் நாயகி எப்போதும் சிவப்பு நிறத்தவள். இடைவேளையில் வருவது முகத்தை வெளுக்கச் செய்யும் கிறீம். 1975 முதல் இந்தியாவில் விற்கப்பட்ட 'ஃபெயர் அண்ட் லவ்லி' 2020இல் பலத்த கண்டனத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொண்டது. ஆனால் நிறத்தைப் பற்றிய ஏளனம் பெயரோடு போய்விடவில்லை. கறுத்தவரும் கூலி வேலை செய்பவரும் திரையில் பெரும்பாலும் சிரிப்புக்கே வருகிறார்கள். 'தோட்டக்காட்டான்' என்ற வசையைத் தாங்கி வந்த சமூகத்தின் பிள்ளை, வெயிலில் கருகிய தாயின் கையைப் பார்த்து வெட்கப்படவும், தோட்டத்து முகவரியைச் சொல்லக் கூசவும் பழகுமானால் அதுவும் ஒழுக்கக்கேடு அல்லவா?

இந்தக் கவலை வீட்டில் என்ன செய்கிறது? ஆண்பிள்ளைக்கு ஒரு திட்டு, அதோடு சரி. பெண்பிள்ளையிடம் ஒரு கடிதமோ கைபேசியில் ஒரு குறுஞ்செய்தியோ அகப்பட்டால், படித்தது போதும் என்று பாடசாலையை நிறுத்துகிறார்கள். பிறகு அவசரக் கல்யாணம், அல்லது கொழும்பில் வீட்டு வேலை. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பொதுச் சட்டத்தின் கீழ் திருமண வயது 18. கட்டாயக் கல்வி 2016 முதல் 16 வயதுவரை. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 2021இல் 16 ஆக்கப்பட்டது. அதே 2021 ஜூலையில், கொழும்பில் வீட்டு வேலைக்குச் சென்றிருந்த டயகமவைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுமி தீக்காயங்களோடு இறந்ததை மலையகம் மறக்கவில்லை. அவளை அங்கே அனுப்பியது வறுமை. தொலைக்காட்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் பதினைந்து வயதில் பாடசாலையை விடும் பெண்பிள்ளைக்கு எதிரே திறந்திருக்கும் வழிகள் எத்தகையவை என்பதை அந்த மரணம் எமக்குக் காட்டியது. தொடரில் வரும் காதலுக்குப் பயந்து பிள்ளையை அதைவிடப் பெரிய ஆபத்துக்குள் அனுப்பிவிடுகிறோம்.

நிறுத்தவேண்டியது பாடசாலையை அல்ல. இரவில் கைபேசி பெற்றோரின் தலைமாட்டில் இருக்கட்டும். இந்த விதி ஆண்பிள்ளைக்கும் பொருந்தட்டும். கிழமையில் ஒரு நாளாவது பிள்ளை விரும்பும் தொடரைத் தாயோ தகப்பனோ கூட இருந்து பார்க்கலாம். கெட்டது என்று அணைத்துவிட்டால் பிள்ளை அடுத்த லயத்தில் போய்ப் பார்க்கும். அதைவிட, அந்தப் பெண் ஏன் வீட்டில் சொல்லப் பயந்தாள், உனக்கு இப்படி நேர்ந்தால் யாரிடம் சொல்வாய் என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் பதில் வராது. வாசிக்கத் தெரியாத தாயும் இதைச் செய்யலாம். இதற்குப் படிப்பு தேவையில்லை. மாதர் சங்கமும் இளைஞர் கழகமும் ஞாயிறு பிற்பகலில் முன்பள்ளிக் கட்டடத்தைத் திறந்து வைத்தால், பெரியவர் ஒருவரின் முன்னிலையில் பிள்ளைகள் கூடிப் பார்த்துப் பேச இடம் கிடைக்கும். உடல் மாற்றங்கள் பற்றிப் பேசத் தோட்டத்து மருத்துவமாதுவை ஒரு நாள் அழைக்கலாம்.

பிள்ளையை யாராவது கைபேசியில் மிரட்டினாலோ, படம் கேட்டு வற்புறுத்தினாலோ, அடிக்கவும் மறைக்கவும் வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்குக் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.