நிறம் பிடிக்கலைன்னா நல்ல செய்தியா?

கருப்பையின் உள்சுவரில் வரும் புற்றுநோய்க்கு எண்டோமெட்ரியல் கேன்சர்னு பேர். ஒரே ஸ்டேஜ்ல இருக்கிற ரெண்டு பேருக்கு ஒரே இம்யூனோதெரபி மருந்தைக் கொடுத்தாலும், ஒருத்தருக்குக் கட்டி சுருங்கும், இன்னொருத்தருக்கு அசையவே அசையாது. யாருக்கு வேலை செய்யும்னு முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஓரளவுக்கு முடியும். அதைச் சொல்றது நாலு புரதங்கள்: எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6.

செல் பிரியும்போது டிஎன்ஏவைக் காப்பி எடுக்கும். காப்பியில் எழுத்துப்பிழை வரும். அதைத் திருத்தும் வேலை இந்த நாலு பேருக்கும் உண்டு. ஜோடி ஜோடியாத்தான் வேலை செய்வாங்க. எம்எல்எச்1 போயிட்டா, கூடவே பிஎம்எஸ்2-வும் நிலைக்காது. எண்டோமெட்ரியல் கட்டிகளில் சுமார் நாலில் ஒன்றில் இந்தத் திருத்தும் வேலை நின்னு போயிருக்கு.

திருத்த ஆள் இல்லாததால பிழைகள் குவியும், விசித்திரமான புரதங்கள் உருவாகும். நம்ம டி-செல்களுக்கு அதெல்லாம் அந்நியனாத் தெரியும். ஆனா கட்டி, பிடி-1 என்ற பிரேக்கை அழுத்தி டி-செல்களை நிறுத்தி வெச்சிருக்கும். டோஸ்டார்லிமாப், பெம்ப்ரோலிசுமாப் மாதிரி மருந்துகள் அந்தப் பிரேக்கை எடுத்துவிடும். செல் எவ்வளவு கெட்டுப்போயிருக்கோ அவ்வளவுக்கு மருந்துக்கு வாய்ப்பு. எனக்கு இது முதல்ல தலைகீழாத்தான் பட்டது.

2023-ல் வெளியான ரூபி ஆய்வைப் பாருங்க. நோய் முற்றிய அல்லது திரும்பி வந்த பெண்களில், இந்தப் புரதங்களை இழந்தவங்களுக்குக் கீமோவோடு டோஸ்டார்லிமாப் கொடுத்தாங்க. 24 மாதம் கழிச்சும் நோய் வளராமல் இருந்தவங்க சுமார் 61 சதவீதம். வெறும் கீமோ வாங்கினவங்களில் சுமார் 16 சதவீதம்தான். அந்த 61-க்கு வெளியேயும் ஆட்கள் இருக்காங்க என்பதையும் மறந்துடாதீங்க.

டெஸ்ட் ரொம்ப சிம்பிள். கட்டியிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து, ஆன்டிபாடி போட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பாங்க. புரதம் இருந்தா செல்லின் கரு பழுப்பாகும். இல்லைன்னா ஆகாது. சரி, சாயம் போட்டவர் சொதப்பியிருந்தா? அப்பவும் பழுப்பு வராதே! வயர் கழண்டிருந்தாலும் மல்டிமீட்டர் ஜீரோதானே காட்டும். அதனால அதே சீவலில் பக்கத்தில் இருக்கும் நல்ல செல்கள் பழுப்பாகியிருக்கான்னு கட்டாயம் பார்க்கணும். அதுவும் ஆகலைன்னா ரிசல்ட் செல்லாது.

எல்லா புரதமும் இப்படி 'இல்லை'ன்னு சொல்லித்தான் உதவும்னு நினைக்காதீங்க. சீரஸ் வகைக் கட்டியில் ஹெர்2 புரதம் அதிகமா 'இருந்தா'த்தான் டிராஸ்டுசுமாப் மருந்தை யோசிப்பாங்க.

இன்னொரு விஷயம், இது மருந்தைத் தாண்டினது. எம்எல்எச்1 இல்லைன்னா, பெரும்பாலும் அந்தக் கட்டிக்குள்ள மட்டும் ஜீன் அணைஞ்சு போயிருக்கும். எம்எஸ்எச்2 இல்லைன்னாலோ, லிஞ்ச் சின்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறா இருக்க வாய்ப்பு அதிகம். அப்போ அக்கா தங்கை, அண்ணன் தம்பி, பிள்ளைகள் எல்லாரும் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கணும். ஏன்னா அதே கோளாறு ஆண்களுக்கும் பெருங்குடல் புற்றுநோயைக் கொண்டு வரும்.