பத்து மணிக்கே பார்க்க வைப்பது எப்படி?

எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்ட ஒரு தொடரை, "இன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கே பாரு" என்று எப்படிச் சொல்வது? டிவிஆர் பெட்டி வீடுகளுக்குள் வந்ததிலிருந்து அமெரிக்க சேனல்களுக்கு இதே தலைவலிதான்.

விஷயம் பணம். மக்கள் நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைத்து, விளம்பரத்தை ஓட்டிவிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். 2007-ல் விளம்பர வியாபாரத்துக்கு ‘சி3’ என்ற அளவுகோல் வந்தது. ஒளிபரப்பு நாளும் அடுத்த மூன்று நாட்களும் சேர்த்து, விளம்பரம் ஓடும்போது சராசரியாக எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதே கணக்கு. விளம்பரத்தை ஓட்டிவிட்டவர் அதில் சேரமாட்டார். ஒரு வாரம் கழித்துப் பார்ப்பவரும் சேரமாட்டார்.

இந்த இடத்தில்தான் ஏபிசி சேனலின் ‘ஸ்கேண்டல்’ வருகிறது. 2012 ஏப்ரலில் தொடங்கிய அதன் முதல் சீசனில் ஏழே எபிசோடுகள். நாயகி கெர்ரி வாஷிங்டன், தொடரை உருவாக்கிய ஷோண்டா ரைம்ஸ், மற்ற நடிகர்கள் என்று எல்லாரும் ஒளிபரப்பு நேரத்திலேயே ட்விட்டரில் ரசிகர்களோடு அரட்டை அடித்தார்கள். கதையில் அதிபர் ஃபிட்ஸ் சுடப்பட்டதும் ‘ஹூ ஷாட் ஃபிட்ஸ்’ என்று ஒரு ஹேஷ்டேக் கிளம்பியது.

நடிகரோடு பேசலாம் என்பது ஆசை காட்டுவது. அதைவிடப் பெரியது பயம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால், சுட்டது யார் என்று இன்றைக்கே யாராவது ட்வீட்டில் உடைத்துவிடுவார்கள். டிவிஆர் கொடுத்த சுதந்திரத்தை ஸ்பாய்லர் பிடுங்கிக்கொண்டது.

ஆனால் இதில் ஓர் ஓட்டை. நியூயார்க்கில் ராத்திரி பத்து மணி என்றால் லாஸ் ஏஞ்சலஸில் சாயங்காலம் ஏழு. அங்கே எபிசோடு வர இன்னும் மூன்று மணி நேரம் ஆகும். ட்வீட் காத்திருக்குமா? மேற்குக்கரை ரசிகர் போனை மூடி வைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். ஆஸ்கர் போன்ற விழாக்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நாடு முழுக்க ஒரே நேரத்தில் நேரலை.

2013 அக்டோபரில் நீல்சன் நிறுவனம் டிவி பற்றிய ட்வீட்டுகளுக்கென்றே தனி ரேட்டிங் வெளியிடத் தொடங்கியது. பேச்சும் ஒரு சரக்கானது.

எனக்கு உறுத்துவது வேறு. நேரலையில் பார்ப்பவர் விளம்பரத்தை ஓட்ட முடியாது, சரி. ஆனால் விளம்பரம் வந்ததும் அவர் என்ன செய்வார்? குனிந்து ட்வீட் போடுவார். சேனலின் கணக்கில் அவர் விளம்பரம் பார்த்தவர். உண்மையில் அவர் கண் இருந்தது போனில்.