அடிபட்ட விமானம் கப்பலில் இறங்கியது!

புதுவைக் கடற்கரையில் மாலையில் காற்று வாங்குகிறோமே, அதே வங்கக் கடலில்தான் 1971 டிசம்பரில் "விக்ராந்த்" போரிட்டது. அது விமானம் தாங்கிக் கப்பல். நீளம் சுமார் 700 அடி. அதன் மேல்தளமே விமான நிலையம்!

அதில் இரு வகைப் போர் விமானங்கள் இருந்தன. ஒன்று, பிரான்சில் செய்த "அலிசே". நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிப் பிடிக்கும். நீருக்குள் பாய்ந்து தாக்கும் "டார்பிடோ"வையும் சுமக்கும். மற்றொன்று "சீ ஹாக்" ஜெட். சீ ஹாக் படையின் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் சந்தோஷ் குமார் குப்தா.

அப்போது கப்பலின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். முழு வேகம் கிடையாது. கப்பல் விரைந்து ஓடினால்தான் விமானம் எளிதாக எழும்பும், இறங்கும். ஆபத்துதான். ஆனாலும் துணிந்தார்கள்!

டிசம்பர் 4. இன்றைய வங்காளதேசத்தின் காக்ஸ் பஜார், சிட்டகாங் மீது சீ ஹாக்குகள் பாய்ந்தன. பகலில் சீ ஹாக், இரவில் அலிசே என்று தாக்குதல் தொடர்ந்தது.

ஒருமுறை, தரையிலிருந்து சீறிய குண்டு குப்தாவின் விமானத்தில் பட்டது. அவர் கலங்கவில்லை. அடிபட்ட விமானத்தைக் கடல் தாண்டி ஓட்டிவந்து, கப்பலில் பத்திரமாக இறக்கினார்.

டிசம்பர் 16-ல் போர் முடிந்தது. குப்தாவுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. பரமவீர் சக்கரத்துக்கு அடுத்த பெரிய போர் விருது அது.