வரிசையும் உருபும்: துணைநிரலுக்குப் பல மதிப்புகளை அனுப்பும் முறை

'அன்னை குழந்தைக்குப் பாலைக் கொடுத்தாள்' என்னும் தொடரில் சொற்களை எவ்வாறு இடம் மாற்றினும் பொருள் திரிவதில்லை. பெற்றது யார், கொடுக்கப்பட்டது எது என்பதை வேற்றுமை உருபுகள் காட்டிவிடுகின்றன. கணினி நிரல்கள் பலவற்றில் இவ்வசதி இல்லை. ஒரு மதிப்பின் பொருளை அது நிற்கும் இடமே தீர்மானிக்கிறது. துணைநிரலிடம் நாம் கையளிக்கும் மதிப்பைக் கணினித் தமிழில் செயலுருபு என்பர். பெயரில் உருபு இருந்தாலும், வேற்றுமை உருபு செய்யும் வேலையை அது செய்வதில்லை என்பது சற்றே வேடிக்கையானது.

இதன் விளைவைத் தரவு ஒருங்கிணைப்புத் துறையில் தெளிவாகக் காணலாம். பல இடங்களிலிருந்து பல வடிவங்களில் வரும் தரவுகளைத் திரட்டிச் செப்பனிட்டு ஓரிடத்தில் சேர்ப்பதே அத்துறையின் பணி. 2005ஆம் ஆண்டு அசென்ஷியல் நிறுவனத்தை வாங்கியதன்வழி ஐபிஎம் பெற்ற டேட்டாஸ்டேஜ் அத்தகைய மென்பொருள்களுள் ஒன்று. அதில் ஒரு வேலை தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் இயங்குமாறு பேசிக் மொழியில் துணைநிரல் எழுதி இணைக்கலாம். ஆனால் அவ்வகைத் துணைநிரலுக்கு இரண்டே செயலுருபுகள் உண்டு. ஒன்று நாம் அனுப்பும் உள்ளீடு. மற்றொன்று துணைநிரல் நமக்குத் திருப்பித் தரும் பிழையெண். எனவே நாம் எதையேனும் சொல்லி அனுப்புவதற்கு எஞ்சுவது ஒரே ஒரு வாசல்தான்.

மூன்று மதிப்புகளை அனுப்ப வேண்டுமெனில் என் செய்வது? அவற்றை ஒரே சரமாகக் கோத்து, இடையில் ஒரு பிரிப்புக்குறியை இட்டு அனுப்புவர். உள்ளே ஃபீல்ட் என்னும் செயற்கூறு அச்சரத்தைக் குறிதோறும் வெட்டி, முதலாவது, இரண்டாவது, மூன்றாவது எனத் துண்டுகளை எடுத்துத் தரும். எளிய வழிதான், இடர் பிரிப்புக்குறியில் இருக்கிறது.

பொறுப்பாளர் பெயர், ஆண்டு, கிளை ஆகிய மூன்றையும் சாய்கோட்டால் பிரித்து அனுப்புவதாகக் கொள்வோம். சோதனையின்போது 'லிம்/2024/ஈப்போ' என்பது குறையின்றி ஓடும். மறுநாள் பொறுப்பாளராகக் 'கவிதா ஏ/பி முத்து' வருகிறார். மலேசிய இந்தியர் பெயர்களில் மகன், மகள் என்பதைக் குறிக்கும் ஏ/எல், ஏ/பி ஆகியவற்றுள் சாய்கோடு இருப்பதை நாம் அறிவோம். இப்போது முதல் துண்டு 'கவிதா ஏ'. இரண்டாவது 'பி முத்து'. கிளை இருக்க வேண்டிய மூன்றாம் இடத்தில் 2024. ஃபீல்ட் எவ்வித எதிர்ப்பும் தெரிவிப்பதில்லை. துண்டு குறைந்தால் வெற்றுச் சரத்தைத் தரும். மிகுந்தால் மிகுதியைக் கேட்பாரில்லை. வேலை வெற்றி பெற்றதாகவே பதிவாகும். ஒருவரின் பெயர் பாதியாய் அறுந்து ஆவணத்தில் ஏறிய செய்தி நெடுநாள் கழித்தே தெரியவரலாம்.

வடிவமைப்பாளர் இதனை முன்கூட்டிக் காண்பதும் அரிது. உள்ளீட்டுப் பெட்டியில் அவர் எழுதுவது பெயரை அன்று. இரு # குறிகளுக்கிடையே அளபுருவின் பெயரை மட்டுமே. உண்மையான மதிப்பு வேலை ஓடும்போதுதான் அவ்விடத்தில் வந்தமர்கிறது. ஆகவே குறியைத் தேர்பவர் இன்று கண்முன் உள்ள தரவை மட்டுமன்றி, நாளை வரக்கூடிய தரவையும் எண்ண வேண்டும். காற்புள்ளி முகவரியில் வரும். சாய்கோடு பெயரிலும் தேதியிலும் கோப்புப் பாதையிலும் வரும். இடைக்கோடு எங்கும் வரும். நிமிர்ந்த கோடாகிய '|' மக்கள் பெயர்களில் வருவது அரிது என்பதால் பலரும் அதனை நாடுகின்றனர்.

அதுவும் முழுக்காப்பு அன்று. வெட்டுவதற்குமுன் துண்டுகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதற்கு டிகவுன்ட் என்னும் செயற்கூறு உண்டு. எண்ணிக்கை மூன்றன்று எனில், பிழையெண்ணைச் சுழியம் அல்லாததாக வைத்துத் திரும்பிவிடலாம். முன்னோடும் துணைநிரல் அவ்வாறு திரும்பினால் வேலை தொடங்காமலே நின்றுவிடும். தவறான தரவை ஏற்றுவதினும் நின்றுபோவது மேல் என்பது என் கருத்து.

மதிப்புகள் பெருகும்போது 'கிளை=ஈப்போ|ஆண்டு=2024' எனப் பெயரோடு சேர்த்தனுப்பும் முறையே தக்கது. துணைநிரலில் சில வரிகள் கூடும். ஆயினும் இனி எது முன், எது பின் என்னும் கவலையில்லை. ஒவ்வொரு மதிப்பும் தன் உருபைத் தானே சுமந்து வருகிறது.