நூல் கற்றுச் சீட்டாடுதல்

சீட்டாட்டம் முழுவதும் அதிர்ஷ்டத்தின் பாற்பட்டது என்பது பலருடைய எண்ணம். ஒருவகையில் அது உண்மையே. 52 சீட்டுகளிலிருந்து ஐந்து சீட்டுகளை எடுப்போமாயின், 2,598,960 வெவ்வேறு தொகுதிகள் அமையலாம். அவற்றுள் எது தன் கைக்கு வரும் என்பதை எந்நூலும் ஒருவனுக்குச் சொல்லாது. அவ்வாறாயின், அமெரிக்காவிற் பெருவழக்குற்ற போக்கர் ஆட்டத்தைப் பற்றி இத்துணை நூல்கள் எழுந்தமைக்குக் காரணம் யாது? அவற்றைக் கற்பவன் அடையும் பயன்தான் என்ன?

போக்கரிற் சீட்டு ஒரு பாதி. பந்தயம் மறு பாதி. ஒவ்வொரு சுற்றிலும் ஆடுபவன் கேட்ட பணத்தை வைத்துத் தொடரலாம், தொகையை உயர்த்தலாம், அல்லது சீட்டைக் கீழே வைத்து விலகலாம். ஏனையோர் அனைவரும் விலகிவிட்டால், மிகத் தாழ்ந்த சீட்டுகளை வைத்திருப்பவனும் மேசைப் பணத்தை அள்ளிக்கொள்வான். சீட்டு வருவது தற்செயல். இவற்றுள் ஒன்றைத் தெரிவது அறிவின் செயல். நூல்கள் கற்பிப்பது இத்தெரிவையே.

உதாரணமாக, டெக்ஸஸ் ஹோல்டெம் என்னும் வகையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகக் கொடுக்கப்படும். அனைவர்க்கும் பொதுவான ஐந்து சீட்டுகள் நடுவிற் படிப்படியாகத் திறக்கப்படும். நான்கு திறந்துவிட்டன. ஒருவனிடம் ஓரினச் சீட்டுகள் நான்கு சேர்ந்துள்ளன. ஐந்தாவதும் சேர்ந்தால் வெற்றி அவனுடையது என்று கொள்வோம். அவன் காணாத சீட்டுகள் 46. அவற்றுள் அவ்வினத்தவை 9. ஆகவே, ஏறக்குறைய ஐந்து தடவைக்கு ஒரு தடவை அவன் வெல்வான்.

மேசையில் 80 ரூபா இருக்க, எதிரி 20 ரூபா வைக்கிறான். இவன் 20 ரூபா கொடுத்து 100 ரூபாவை நாடுகிறான். ஆறு தடவைக்கு ஒரு தடவை வென்றாலே முதலுக்கு மோசமில்லை. எனவே தொடர்வது தகும். எதிரி 80 ரூபா வைத்தாலோ, 80 கொடுத்து 160 ஐ நாடவேண்டும். மூன்றுக்கு ஒன்று வென்றாலன்றி நட்டமே. எனவே விலகுவதே முறை. சீட்டு மாறவில்லை, விலை மாறியது. ஊகத்தால் ஆடுபவன் இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை.

பொய்ப்பந்தயமும் வெறும் துணிச்சலன்று. நல்ல சீட்டு வந்தபோது மாத்திரம் தொகையை உயர்த்துபவனை எதிரிகள் விரைவில் அறிந்து விலகிவிடுவர். ஆதலால், தாழ்ந்த சீட்டுடன் இடையிடையே உயர்த்துதலும் வேண்டும். ஜோன் வொன் நொய்மனும் ஒஸ்கார் மோர்கன்ஸ்டேர்னும் 1944 இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூல் இவ்வுண்மையைக் கணித வழியால் நிறுவிற்று. மறைமொழி நிபுணரான ஹேர்பேட் யாட்லி 1957 இல் எழுதிய நூலோ, நல்ல சீட்டு வரும்வரை பொறுத்திருக்கும் அடக்கத்தை வற்புறுத்திற்று. 1976, 1977 ஆம் ஆண்டுகளில் உலகப் போக்கர் தொடரின் தலைமைப் போட்டியை வென்ற டொயில் பிறன்சன், அப்பத்தாண்டின் பிற்பகுதியிலே தம் முறைகளை நூலாக்கினார். எதிரிகளும் அதைக் கற்றுக்கொண்டமையாற் பெருநட்டம் நேர்ந்ததென்று அவரே பின்னர் கூறினார். எல்லோரும் கற்ற நூல் எவர்க்கும் தனிப்பலம் தராது என்பதற்கு இது சான்று.

கற்பவனுக்கு உண்மையான சோதனை இனித்தான் வருகின்றது. மேற்கூறிய கணக்கின்படி சரியாகத் தொடர்ந்தவனும் ஐந்தில் நான்கு தடவை தோற்பான். தவறாக ஆடியவன் சிலவேளை பெருந்தொகை வெல்வான். முன்னவன் நூலை வீசிவிடுகிறான். பின்னவன் தன்னை நிபுணனாக எண்ணிவிடுகிறான். ஆகையால், ஓர் இரவின் வரவுசெலவைக் கொண்டு ஆட்டத்தை மதிப்பிடலாகாது. ஒவ்வொரு முடிவும் அவ்வேளை அறிந்தவற்றுக்குப் பொருந்தியதா என்பதையே ஆராய்தல் வேண்டும். ஆட்டத்தின்பின் குறிப்பெழுதி, நூலுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது இதற்கு உற்ற வழி.

இன்னொன்றும் மறக்கற்பாலதன்று. சூதாட்ட மண்டபத்திற் பணம் ஆடுவோருள் ஒருவரிடமிருந்து மற்றவருக்கே செல்கின்றது. அதிலும் மண்டபத்தார் தம் பங்கை எடுத்துக்கொள்வர். ஆகவே, ஆடுவோர் அனைவரையும் சேர்த்து நோக்கின் நட்டமே எஞ்சும். சிறிது தேர்ந்தவனும் அப்பங்கைக் கொடுத்தபின் தோற்கக்கூடும். குடும்பச் செலவுக்குரிய பணத்தை மேசையில் வைத்தவன், இழக்கும் அச்சத்தாலே கற்ற கணக்கையும் கைவிடுவான். இழந்ததை அன்றிரவே மீட்கத் துடிப்பவனை எந்நூலும் காவாது. எப்பொழுது எழுந்து செல்லவேண்டும் என்பதை அறிந்து, அவ்வாறே எழுந்து செல்பவனுக்கே கற்ற கல்வி பயன்படும்.