அட்டையில் வரும் பணம்: நடுவில் நிற்பவர் யார்?

(லூமுட்டில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில், சிறுவணிகர்களுக்காக நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லூமுட் என்றதும் பங்கோர் படகுத்துறைதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். அந்தத் துறையை நம்பிப் பிழைக்கும் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். கருவாடும் நெத்திலியும் விற்பவர்கள், வாடகை அறை வைத்திருப்பவர்கள், வேன் ஓட்டுபவர்கள், தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கும் தாய்மார்கள் என்று பட்டியல் நீளும். பங்கோர் பத்திரகாளியம்மன் ஆலயத்தில் மாசிமகம் என்றால் நாடு முழுவதிலுமிருந்து பக்தர்கள் வருகிறார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஊருக்கு வருமுன் அறைக்குப் பதிவு செய்ய வேண்டும். அம்மாவுக்குப் பலகாரம் அனுப்ப வேண்டும். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கடன்பற்று அட்டையில் கட்டலாமா?"

"முடியாது" என்று சொன்னால் வியாபாரம் அடுத்த கடைக்குப் போய்விடும். "முடியும்" என்று சொல்லிவிட்டு விவரம் தெரியாமல் இறங்கினால் கையில் இருப்பதும் போகலாம். அதனால்தான் இன்று இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

வங்கி நேரடியாகத் தராதா?

தரும். ஆனால் அட்டைக் கட்டணத்தை ஏற்கும் வசதியை வங்கி யாருக்கும் எளிதில் கொடுப்பதில்லை. வாடிக்கையாளர் ஒருவர் "எனக்குப் பொருள் வரவில்லை" என்று முறையிட்டால் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு அந்த வங்கியின் தலையிலும் விழுகிறது. ஆகவே கடையின் வரவு செலவு, எத்தனை ஆண்டு வியாபாரம், மாதம் எவ்வளவு விற்பனை என்றெல்லாம் பார்க்கிறது. வீட்டில் முறுக்குச் சுடும் ஓர் அக்காவால் அந்தக் கதவைத் தட்டவே முடியாது.

இங்கேதான் மூன்றாம் தரப்பு கட்டணச் சேவை நிறுவனம் வருகிறது. 'பேமெண்ட் கேட்வே' என்று நம் கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். வங்கியோடு இந்த நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொள்கிறது. தன் நிழலில் ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களைச் சேர்த்துக்கொள்கிறது. நமக்காக அட்டைப் பணத்தை வாங்கி, தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, மீதியை நம் வங்கிக் கணக்கில் போடுகிறது.

உலக அளவில் இதைப் பிரபலமாக்கியது 1998-இல் தொடங்கப்பட்ட பேபால். நம் நாட்டில் 2005-இல் என்பிஈபே என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் பிறகு மோல்பே ஆகி, ரேஸர் கைக்குப் போய், இப்போது ஃபியூ என்ற பெயரில் இயங்குகிறது. ஐபே88, பில்பிளிஸ், செனாங்பே, தொய்யிப்பே ஆகிய பெயர்களையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் ஸ்ட்ரைப் 2019-இல் மலேசியாவுக்கு வந்தது. எது நல்லது என்று நான் சொல்லப் போவதில்லை. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

ஒரு சொடுக்கில் நடப்பது என்ன?

லண்டனில் இருக்கும் ஒருவர் உங்கள் அகப்பக்கத்தில் அறைக்குப் பதிவு செய்து அட்டை எண்ணைத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முறைப்படி அமைத்திருந்தால் அந்த எண் உங்களிடம் வருவதே இல்லை. அவர் பார்ப்பது சேவை நிறுவனத்தின் பக்கம். அங்கிருந்து விவரம் அந்த நிறுவனத்தின் வங்கிக்குப் போகிறது. அது விசா அல்லது மாஸ்டர்கார்ட் வலையமைப்பின் வழியாக, அட்டையைக் கொடுத்த லண்டன் வங்கியைக் கேட்கிறது: "இந்த அட்டை சரியானதா? இவ்வளவு பணம் எடுக்க வழி உண்டா?" அந்த வங்கி தன் வாடிக்கையாளரிடமே உறுதி கேட்கலாம். முன்பு இதற்கு நம் நாட்டில் குறுந்தகவலில் 'டேக்' எண் வந்தது. இப்போது பெரும்பாலும் வங்கியின் கைப்பேசிச் செயலியிலேயே அனுமதி கேட்கிறார்கள். "சரி" என்ற பதில் சில விநாடிகளில் திரும்பி வந்துவிடுகிறது.

நன்றாகக் கவனியுங்கள். வந்தது "சரி" என்ற பதில் மட்டுமே. பணம் இன்னும் வரவில்லை. அது உங்கள் கணக்குக்கு வர ஒரு நாளோ, சில நாளோ, ஒரு வாரமோ ஆகலாம். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் கணக்கு. அதிகாலையில் மீன் வாங்க ரொக்கம் தேவைப்படும் கருவாட்டு வியாபாரிக்கு இந்த இடைவெளி சின்ன விஷயமல்ல. தீபாவளிக்கு முந்திய வாரம் வந்த பணம் தீபாவளி முடிந்துதான் கைக்கு வரும் என்றால், மாவும் எண்ணெயும் வாங்க வேறு பணம் இருக்க வேண்டும்.

கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

"மூன்று விழுக்காடுதானே" என்று பலர் அலட்சியமாகச் சொல்கிறார்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். இது விளக்கத்துக்கான கணக்கு. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒவ்வோர் அட்டைக் கட்டணத்துக்கும் 3 விழுக்காடும் அதற்கு மேல் 1 வெள்ளியும் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம்.

400 வெள்ளி அறை வாடகைக்கு 12 வெள்ளியும் 1 வெள்ளியும் சேர்த்து 13 வெள்ளி போகும். அது 3.25 விழுக்காடு. 40 வெள்ளி முறுக்குப் பொட்டலத்துக்கு 1 வெள்ளி 20 சென்னும் 1 வெள்ளியும் சேர்த்து 2 வெள்ளி 20 சென் போகும். அது 5.5 விழுக்காடு! முறுக்கில் கிடைக்கும் இலாபமே அவ்வளவுதான் என்றால், அந்த அக்கா யாருக்காக அடுப்படியில் வேகிறார்?

சின்ன விற்பனைக்கு நம் நாட்டிலேயே வேறு வழிகள் உண்டு. எஃப்.பி.எக்ஸ். என்பது வாடிக்கையாளரின் இணைய வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டும் முறை. பேநெட் நிறுவனம் நடத்தும் இந்த முறைக்கு, பல சேவை நிறுவனங்கள் விழுக்காடாக இல்லாமல் ஒரே தொகையாகக் கட்டணம் பிடிக்கின்றன. அது 1 வெள்ளி என்று வைத்தால், 40 வெள்ளிக்கு 2.5 விழுக்காடு, 400 வெள்ளிக்குக் கால் விழுக்காடுதான். டூயிட்நவ் கியூஆர் படத்தைக் கடையில் ஒட்டி வைப்பது இன்னொரு வழி.

ஆனால் மலேசிய வங்கிக் கணக்கு இல்லாத வெளிநாட்டுக்காரர் எஃப்.பி.எக்ஸ். வழியாகக் கட்ட முடியாது. அவருக்கு அட்டைதான் வழி. ஆகவே உள்ளூர்க்காரருக்கு எஃப்.பி.எக்ஸ்., வெளியூர் நாட்டவருக்கு அட்டை என்று இரண்டையும் திறந்து வைப்பதே புத்திசாலித்தனம். வெளிநாட்டு அட்டைக்குக் கூடுதல் கட்டணம் பிடிக்கும் நிறுவனங்களும் உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வந்த பணம் நம்முடையதுதானா?

கருத்துக்களத்தில் ஓர் ஐயா கேட்டார்: "கணக்கில் விழுந்த பணத்தை யாராவது திரும்ப எடுக்க முடியுமா?" முடியும், ஐயா. அட்டைக்காரர் தன் வங்கியில் முறையிடலாம். "இந்தக் கட்டணம் நான் செய்ததல்ல", "சொன்ன சேவை கிடைக்கவில்லை" என்று காரணம் காட்டலாம். ஆங்கிலத்தில் இதை 'சார்ஜ்பேக்' என்கிறார்கள். பல வகை முறையீடுகளுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. அறை வாடகை போல் பின்னால் தர வேண்டிய சேவை என்றால், பணம் கட்டிய நாளிலிருந்து அல்ல, சேவை கிடைக்க வேண்டிய நாளிலிருந்து அந்த நாள்களை எண்ணுவார்கள். ஆகவே மார்ச்சில் வாங்கிய டிசம்பர் வாடகைக்கு அடுத்த ஆண்டிலும் முறையீடு வரலாம்.

பங்கோர் மக்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2020 ஜனவரி 1-ஆம் தேதி பங்கோர் தீர்வையற்ற தீவானது. கூட்டம் வரும் என்ற எதிர்பார்ப்பு எல்லாரிடமும் இருந்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. முன்பதிவுப் பணத்தை வாங்கிப் படுக்கைக்கும் குளிர்சாதனத்துக்கும் செலவழித்துவிட்ட ஒருவர், அந்த நேரத்தில் எல்லாரும் ஒன்றாகப் பணத்தைத் திருப்பிக் கேட்டால் எங்கே போவார்? முன்பணம் நம்மிடம் இருக்கும் அடைக்கலப் பொருள். விருந்தாளி வந்து தங்கிவிட்டுப் போன பிறகுதான் அது நம் சொத்து. அதைத் தனிக் கணக்கில் வைப்பது நல்ல பழக்கம்.

நடுவில் நிற்பவரே விழுந்துவிட்டால்? அதுவும் நடந்திருக்கிறது. ஜெர்மனியின் வயர்கார்ட், உலகம் முழுவதும் கட்டணச் சேவை நடத்திய பெரிய நிறுவனம். தன் கணக்கில் இருப்பதாகக் காட்டிய 190 கோடி யூரோ பெரும்பாலும் இல்லவே இல்லை என்று 2020 ஜூனில் ஒப்புக்கொண்டது. சில நாளிலேயே நொடித்துப்போனதாக மனுச் செய்தது. பெரிய பெயர் என்பது மட்டும் பாதுகாப்பல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். எனவே சேவை நிறுவனத்திடம் பணத்தைச் சேர்த்து வைக்காதீர்கள். நம் கணக்குக்கு எவ்வளவு சீக்கிரம் மாற்ற முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மாற்றிவிடுங்கள்.

ஏமாற்றுக்காரர் வரும் வழி

முதல் வழி, நாமே திறந்துவிடும் வழி. "அட்டையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சில இடங்களில் இன்றும் சொல்கிறார்கள். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள், நேயர்களே. பின்பக்கத்தில் இருக்கும் மூன்று இலக்க எண்ணைக் கட்டணம் முடிந்த பிறகு யாரும் சேமித்து வைக்கக் கூடாது என்பது அட்டை நிறுவனங்களின் பாதுகாப்பு விதி. கைப்பேசி தொலைந்தால் உங்கள் விருந்தாளிகள் அத்தனை பேரின் அட்டையும் தொலைந்த மாதிரி. இந்தியாவில் 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் அட்டை எண்ணைச் சேமிப்பதையே ரிசர்வ் வங்கி தடை செய்துவிட்டது. எண்ணுக்குப் பதிலாக வேறொரு மாற்றுக் குறியீட்டைத்தான் வைத்துக்கொள்ளலாம்.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. 2022-இல் ஐபே88 நிறுவனத்தின் கணினியில் ஊடுருவல் நடந்து, அட்டை விவரங்கள் கசிந்திருக்கலாம் என்று ஆகஸ்ட்டில் அறிவிப்பு வந்தது. மே மாத இறுதியிலேயே விசாரணை தொடங்கியிருந்தது. அத்தனை வசதி உள்ளவர்களுக்கே இந்த நிலை என்றால், ஒரு நோட்டுப் புத்தகத்தில் அட்டை எண்ணை எழுதி வைத்திருப்பவரின் நிலை என்ன?

இரண்டாவது வழி, கூடுதல் பணம். யாரோ ஒருவர் ஐந்து அறைக்குப் பதிவு செய்து அட்டையில் 5,000 வெள்ளி கட்டுகிறார். பிறகு, "வேனுக்கான 2,000 வெள்ளியும் அதில் சேர்ந்துவிட்டது, அதை இந்த வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்" என்று கெஞ்சுகிறார். நீங்கள் அனுப்புகிறீர்கள். சில வாரத்தில் அட்டையின் உண்மையான சொந்தக்காரர் முறையிடுகிறார். அது திருட்டு அட்டை. 5,000 வெள்ளியும் திரும்பிப் போகிறது. அனுப்பிய 2,000 வெள்ளியும் வராது. பணம் எந்த அட்டையிலிருந்து வந்ததோ அந்த அட்டைக்கே திருப்ப வேண்டும். வேறெந்தக் கணக்குக்கும் ஒரு சென்கூட அனுப்பாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே பணம் ஏமாற்றாகப் போய்விட்டால் உடனே உங்கள் வங்கியையோ 997 எண்ணையோ அழையுங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

தொடங்குமுன் என்ன வேண்டும்?

முதலில் வியாபாரத்தை எஸ்.எஸ்.எம். நிறுவனப் பதிவகத்தில் பதிவு செய்யுங்கள். தனிநபர் வியாபாரத்துக்கு, அடையாளக் கார்டில் உள்ள சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயரில் என்றால் 60 வெள்ளி. இது அடுப்படி வியாபாரத்துக்கும் பொருந்தும். அந்தப் பதிவோடு வங்கிக் கணக்கு, அடையாளக் கார்டு நகல், விலை போட்ட அகப்பக்கம் ஆகியவற்றைச் சேவை நிறுவனங்கள் கேட்கும்.

அகப்பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சட்டமே சொல்கிறது. மின்வணிகப் பயனீட்டாளர் விதிமுறைப்படி, விற்பவரின் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் விளக்கம், அனுப்பும் செலவு உட்பட முழு விலை, கட்டும் முறை, நிபந்தனைகள், எப்போது கிடைக்கும் என்பதெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். "ஃபெரி ஓடாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?" என்பதற்கான பதிலையும் அங்கேயே எழுதிவிடுங்கள். நாளை முறையீடு வந்தால் அதுதான் உங்கள் சாட்சி. பதிவு விவரம், ரசீது, அஞ்சல் அனுப்பிய எண், வந்து தங்கியவரின் கையெழுத்து ஆகியவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

கையெழுத்துப் போடுமுன் சேவை நிறுவனத்திடம் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. பேங்க் நெகாராவின் பதிவு பெற்ற பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா? (அவர்கள் பதிலை மட்டும் நம்பாமல் பேங்க் நெகாராவின் அகப்பக்கத்திலும் பாருங்கள்.)
2. தொடக்கக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், ஒவ்வொரு விற்பனைக்கும் பிடிப்பது எவ்வளவு?
3. பணம் எத்தனை நாளில் என் கணக்குக்கு வரும்? அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பீர்களா?
4. முறையீடு வந்தால் எனக்கு எத்தனை நாள் அவகாசம்? அதற்குத் தனிக் கட்டணம் உண்டா?
5. என் பணம் உங்கள் பணத்தோடு கலக்காமல் தனியாக இருக்குமா?

பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்தை விட்டு விலகிவிடுங்கள். "கையெழுத்துப் போடுங்கள், பிறகு சொல்கிறோம்" என்று சொன்னாலும் அப்படியே.

நேயர்களே, தோட்டத்துக் காலத்தில் கங்காணி சொன்ன கணக்கே கணக்கு என்று நம் முன்னோர் வாங்கிக்கொண்டு போனார்கள். சீட்டைப் படிக்கத் தெரியாததால் இழந்தவர்கள் ஏராளம். இன்று நம் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தை அவர்களிடம் கொடுத்து ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் சேவை நிறுவனத்தின் அறிக்கையையும் வங்கிக் கணக்கையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான். உங்கள் உழைப்பின் காசு முழுதாக உங்களிடம் வந்து சேர்ந்ததா என்பது அப்போது தெரிந்துவிடும்.